அந்த ட்ரங்க் பெட்டியில இருக்கிறது தம்பியோட சொத்து

அன்புள்ள சகோதரிக்கு,

உங்க லெட்டர் வந்து பத்து நாள் ஆச்சு, உடனே பதில் போடாததுக்கு மன்னிச்சுக்கோங்க, இத அவசரமா எழுதக்கூடாதுன்னு தோணுச்சு. மத்தவங்களும் படிக்கிறதால நீங்க எழுதினத முதல்ல சுருக்கமா சொல்லிடறேன், ஆள் தெரியிற மாதிரி இருந்தத எல்லாம் எடுத்துட்டேன்.

நீங்க மூணு பேர். அண்ணனுக்கு 53, உங்களுக்கு 48, தம்பிக்கு 39. மன்னார்குடி பக்கத்துல ஒரு கிராமம், திண்ணை முற்றம் கொல்லையெல்லாம் வெச்சு அப்பா சொந்த சம்பாத்தியத்துல கட்டின ஓட்டு வீடு. அப்பா 2009ல உயில் எதுவும் எழுதாம போயிட்டாரு, அம்மா போன ஐப்பசில போயிட்டாங்க, கடைசி ஆறு வருஷம் அம்மாவ கூட இருந்து பாத்துக்கிட்டது தம்பியும் அவர் சம்சாரமும். வீட்ட வித்துடலாம்னு மூணு பேரும் பேசி அட்வான்ஸும் வாங்கியாச்சு. வீட்ட ஒழிக்கப் போனப்ப பரண் மேல இருந்த ட்ரங்க் பெட்டில, அம்மாவோட கூறப்புடவைக்கு அடியில ஒரு கட்டு இன்லேண்ட் லெட்டரும் மணியார்டர் கூப்பனும் கெடச்சுது, எல்லாம் அம்மாவோட தங்கச்சி, அதாவது உங்க சித்தி, 1987லயும் 88லயும் கோயம்புத்தூர்லேந்து அனுப்பினது. ஒரு லெட்டர்ல "அக்கா, பிள்ளை தவழுறானா? அத மட்டும் எழுது, வேற ஒண்ணும் கேக்கமாட்டேன்"னு இருந்துச்சு. கூப்பன் ஒவ்வொண்ணுலயும் முப்பது ரூபா, செய்தி எழுதுற இடத்துல "பாலுக்கு"ன்னு ஒரே வார்த்தை.

அண்ணன்கிட்ட கேட்டீங்க, அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு எனக்கு அப்பவே தெரியும்னு சொல்லிட்டாரு. 1986ல கல்யாணம் ஆகாத சித்திக்கு பொறந்த பிள்ளையத்தான் அம்மா தன் பிள்ளைன்னு சொல்லி வளத்தாங்க, அதுதான் தம்பி. அதோட நிறுத்தியிருந்தா பரவால்ல, ரெண்டு நாள் கழிச்சு ஃபோன் பண்ணி, அவனுக்கு இது தெரியவே வேணாம், ஆனா சட்டப்படி அவனுக்கு பங்கு கிடையாதுன்னு வக்கீல் சொல்றாரு, அம்மா வைத்திய செலவ கழிச்சதுன்னு ஏதாவது கணக்கு சொல்லி ஒரு அஞ்சு லட்சம் குடுத்து கையெழுத்து வாங்கிப்போம், மீதி நம்ம ரெண்டு பேருக்குன்னு சொன்னாராம்.

சொல்லணுமா வேணாமா, பங்கு விஷயத்துல என்ன பண்றதுன்னு ரெண்டு கேள்வி கேட்டிருந்தீங்க. ஆனா லெட்டரோட கடைசி வரியில, கையெழுத்தே கொஞ்சம் மாறியிருக்கு, "போன வாரம் தம்பி வந்து தோசை கேட்டான், ஊத்திக் குடுத்துட்டு அவன் முகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன், இவன் யாரோன்னு ஒரு நிமிஷம் தோணிடுச்சு, நான் கெட்டவளா மேடம்"னு எழுதியிருக்கீங்க. அதுக்குத்தான் முதல்ல பதில் சொல்லணும்.

நீங்க கெட்டவ இல்லம்மா. நாப்பது வருஷமா தெரிஞ்ச ஒரு முகத்துல திடீர்னு வேற ஒரு முகம் தெரிஞ்சா யாருக்கும் ஒரு நிமிஷம் அப்படித்தான் ஆகும். மூக்கு சித்தி மாதிரி இருக்கே, சிரிக்கிறது அப்படியே இருக்கேன்னு மனசு தானா தேட ஆரம்பிச்சிடும், அது பாசம் கொறஞ்சதால வர்றது கிடையாது, இத்தன நாள் உங்களுக்குத் தெரிஞ்ச கதையில ஒரு பக்கம் கிழிஞ்சு போச்சு, மனசு அத ஒட்டப் பாக்குது, அவ்ளோதான். அதோட இன்னொண்ணும் இருக்கும்னு நெனைக்கிறேன், நீங்க எழுதல. இப்ப உங்ககிட்ட அவருக்குத் தெரியாத அவரோட விஷயம் ஒண்ணு இருக்கு, அத மறச்சு வெச்சுக்கிட்டு எதிர்ல உக்காந்து தோசை ஊத்துறப்ப முன்ன மாதிரி இயல்பா எப்படி இருக்க முடியும். நீங்க தூரமா உணர்றது தம்பிகிட்டேந்து இல்ல, அந்த மறைக்கிற வேலைதான் நடுவுல உக்காந்திருக்கு. அவர்கிட்ட சொன்ன பிறகு இது போகும், உடனே போகாது, ஆனா போகும்.

சரி, சொல்லணுமா. சொல்லணும். பத்திரம் பதியிறதுக்கு முன்னாடி சொல்லணும், வீடு உங்க கைய விட்டு போறதுக்கு முன்னாடி சொல்லணும்.

ஏன் இவ்ளோ உறுதியா சொல்றேன்னா, குடும்ப நல கோர்ட்ல கவுன்சிலரா பதினாறு வருஷம் உக்காந்திருந்ததுல இந்த மாதிரி குடும்பங்கள நான் நெறைய பாத்துட்டேன், ரகசியம் கடைசி வரைக்கும் ரகசியமாவே இருந்த குடும்பம்னு ஒண்ணு கூட என் ஞாபகத்துல இல்ல. 1986ல ஒரு கிராமத்துல வயித்துல பிள்ளையே தெரியாத ஒரு அம்மாவுக்கு திடீர்னு பிள்ளை வந்தா அது தெருவுக்குத் தெரியாம இருந்திருக்குமா? மருத்துவச்சிக்கு தெரியும், பக்கத்து வீட்டு அத்தைக்கு தெரியும், அவங்க மருமகளுக்கு தெரியும், மாமா வீட்டுல தெரியும். ஊருக்கே தெரிஞ்ச விஷயம் அவர் ஒருத்தருக்குத்தான் தெரியாது, நாம ரகசியம்னு சொல்றது பல நேரம் இதத்தான். ஒருத்தர் 51 வயசுல எங்கிட்ட வந்தாரு, அவர் அப்பா சாவுல சொந்தக்காரர் ஒருத்தர் குடிச்சுட்டு "கொள்ளி வைக்க இவன் யாரு"ன்னு கேட்டதுலதான் அவருக்கு விஷயமே தெரிஞ்சுது. பொணம் நடுவுல கெடக்கு, நூறு பேர் சுத்தி நிக்கிறாங்க. அவர் எங்கிட்ட சொன்னது, யாருக்கு பொறந்தேங்கிறது கூட எனக்கு ஆறிடுச்சு மேடம், அன்னைக்கு அங்க நின்ன யாருமே ஆச்சரியப்படல, அதுதான் ஆறலன்னாரு.

2019ல அமெரிக்காவுல தத்துப் பிள்ளைங்களா வளந்து பெரியவங்களானவங்கள வெச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, மூணு வயசுக்குள்ளயே தெரிஞ்சு வளந்தவங்களுக்கு மனக் கஷ்டம் கொறச்சல், அதுக்கு மேல தள்ளித் தள்ளி தெரிஞ்சவங்களுக்கு அதிகம்னு அதுல வருது. மூணு வயசு! நாம 39ல நிக்கிறோம். லேட்டாயிடுச்சேன்னு இத ஒரு காரணமா எடுத்துக்கிட்டு சொல்லாம விட்டுடாதீங்க, 39ல அக்கா வாயால கேக்குறது வேற, 50ல யாரோ கோவத்துல கத்தறது வேற.

இதுல உடம்பு சம்பந்தப்பட்டதும் ஒண்ணு இருக்கு. சித்திக்கு நாப்பது வயசுலேந்து சுகர், அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி பைபாஸ் ஆச்சுன்னு போற போக்குல எழுதியிருக்கீங்க. உங்க தம்பி எந்த டாக்டர்கிட்ட போனாலும் வீட்டுல யாருக்காவது ஹார்ட் பிரச்சனை உண்டான்னு கேப்பாங்க, அவரும் மனசார அம்மா அப்பாவுக்கு அதெல்லாம் இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டு இருப்பாரு. அந்த ஒரு பதில வெச்சு டெஸ்ட் எழுதலாமா வேணாமான்னு முடிவாகும். வேற எந்த காரணமும் இல்லன்னாலும் இது ஒண்ணே போதும் எனக்கு.

இப்ப பங்கு. நான் வக்கீல் இல்ல, ஆனா அண்ணன்கிட்ட அவரோட வக்கீல் எத வெச்சு சொல்லியிருப்பாருன்னு என்னால யூகிக்க முடியும். 1956ல வந்த இந்து தத்தெடுப்பு ஜீவனாம்ச சட்டத்துல, ஏற்கனவே மகன் இருக்கிறவங்க இன்னொரு ஆண் பிள்ளைய தத்தெடுக்க முடியாது, அது தவிர பெத்தவங்க குடுக்கறதும் வளக்கறவங்க வாங்கிக்கறதும் முறையா நடந்திருக்கணும். உங்க வீட்டுல அண்ணன் இருக்காரு, அதனால அந்த சட்டப்படி தம்பிய தத்து எடுத்தது செல்லாதுன்னு ஒருத்தர் வாதாடலாம், அது உண்மைதான். இன்னொரு பக்கம், பொறப்பு பதிவுலேந்து ஸ்கூல் டிசி, ரேஷன் கார்டு, 2009ல அப்பாவுக்கு எடுத்த வாரிசு சான்றிதழ் வரைக்கும் எல்லாத்துலயும் அவர் உங்க அப்பா அம்மாவோட மகன். வீட்ட வாங்கறவர் அந்த சான்றிதழ்ல இருக்கிற பிள்ளைங்க மூணு பேரும் கையெழுத்து போடாம வாங்கமாட்டாரு. கோர்ட்டுக்குப் போனா என்ன ஆகும்னு உங்க ஊர்ல சிவில் பாக்கிற நல்ல வக்கீல் ஒருத்தர்கிட்ட நீங்க தனியா போய் கேளுங்க, அண்ணனோட வக்கீல் வேணாம். ஆனா ஒண்ணு, விஷயத்த மறச்சு, பொய் கணக்கு காட்டி ஒருத்தர்கிட்ட கையெழுத்து வாங்கினா அது மோசடின்னு அவர் பின்னாடி கேஸ் போட முடியும். 1963 லிமிட்டேஷன் சட்டத்துல மோசடி நடந்திருந்தா கேஸ் போடறதுக்கான கெடு காலம் பத்திரம் பதிஞ்ச தேதிலேந்து ஓடாது, அவருக்கு அது தெரிய வந்த தேதிலேந்துதான் ஓட ஆரம்பிக்கும். அதனால பத்து வருஷம் கழிச்சு உங்க பிள்ளைங்களும் அவர் பிள்ளைங்களும் கோர்ட் வராந்தாவுல ஆளுக்கொரு பக்கம் நிக்கலாம். அத நான் பாத்திருக்கேன், ஒரே ஜாடையில ரெண்டு பக்கமும் நிப்பாங்க.

இதெல்லாம் சட்டம். சட்டத்த விடுங்க, நீங்க எழுதின ஒரு விஷயத்த நான் உங்களுக்கே திருப்பி ஞாபகப்படுத்தறேன். அப்பாவுக்கு மூத்தவன், அம்மாவுக்கு இளையவன்னு நம்ம பக்கத்து வழக்கம். போன ஐப்பசில உங்க அம்மாவுக்கு கொள்ளி வெச்சது தம்பி. மொட்ட அடிச்சுக்கிட்டு, பானைய தோள்ல வெச்சுக்கிட்டு சுத்தி வந்தது அவரு. எல்லா உண்மையும் தெரிஞ்ச உங்க அண்ணன் பக்கத்துல நின்னு, தோள புடிச்சு, பாத்துடா மெதுவான்னு சொன்னாருன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு அவர் தடுக்கலையே. சுடுகாட்டுல அம்மாவோட இளைய மகன்னு ஒத்துக்கிட்டவர, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல மட்டும் எப்படி இல்லங்கிறது? இத உங்க அண்ணன்கிட்ட நீங்க கேளுங்க. கோவமா கேக்காதீங்க, ஃபோன்ல கேக்காதீங்க, நேர்ல போய், அண்ணி இல்லாத நேரம், மெதுவா கேளுங்க. அதுக்கு மேல நீங்க வாதாட வேண்டிய அவசியமே இருக்காதுன்னு நெனைக்கிறேன்.

பங்கு மூணா பிரியணும்ங்கிறதுதான் என் கருத்து, அதுல எனக்கு ரெண்டாவது எண்ணம் இல்ல. அண்ணன் ஒத்துக்கலன்னாலும் உங்க பங்கு உங்களோடது, அதுலேந்து தம்பிக்கு என்ன செய்யணும்னு உங்களுக்கு தோணுதோ அத செய்யறதுக்கு யார் பர்மிஷனும் வேணாம். ஆனா அந்த முப்பது ரூபாய எண்ணிப் பாருங்க, ரெண்டு வருஷம் ஒரு பொண்ணு வயித்தக் கட்டி அனுப்பினது, அதுவும் அந்த வீட்டுக்குள்ளதான் பாலா வந்திருக்கு.

அண்ணன பத்தி கொஞ்சம் சொல்லணும், ஏன்னா உங்க லெட்டர் படிச்சா அவர் மேல உங்களுக்கு வெறுப்பே வந்துடுச்சுன்னு தெரியுது. பணம் விஷயத்துல அவர் சொன்னது தப்பு, அதுல மாத்தமே இல்ல. ஆனா அவருக்கு அப்ப வயசு என்ன, பதினாலு. அம்மா சாமி ரூம்ல சூடம் ஏத்தி அவர் கைய புடிச்சு அணைக்க வெச்சு சத்தியம் வாங்கினாங்கன்னு அவரே உங்ககிட்ட சொல்லியிருக்காரு. பதினாலு வயசு பையன் அன்னைலேந்து வீட்டுல யார் என்ன பேசினாலும் காத தீட்டிக்கிட்டு, தங்கச்சி ஏதாவது கேட்டா பேச்ச மாத்திக்கிட்டு, தம்பிய ஸ்கூல்ல யாராவது ஏதாவது சொல்லிடுவாங்களோன்னு பயந்துக்கிட்டு வளந்திருக்காரு. தம்பிய கிண்டல் பண்ணின பையன அண்ணன் கல்ல எடுத்து அடிச்சு மண்டைய ஒடச்சாருன்னு எழுதியிருக்கீங்களே, உங்களுக்கு அப்ப அது ஏன்னு புரியல, இப்ப புரியுதா?

நீங்க மூணு பேரும் ஒரே வீட்டுல வளந்தீங்கதான், ஆனா அந்த வீடு மூணு பேருக்கும் ஒண்ணா இருந்ததில்ல. அண்ணனுக்கு அது காவல் காக்க வேண்டிய வீடு. உங்களுக்கு ஒன்பது வயசு, கொல்லப்பக்கத்து ரூம்ல சித்தி மாசக்கணக்கா படுத்திருந்தாங்க, மஞ்சக்காமாலன்னு சொன்னாங்க, அந்தப் பக்கம் போகாதேன்னு அடிச்சாங்க, அரையாண்டு லீவுக்கு உங்கள மட்டும் ஆச்சி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, திரும்பி வந்தப்ப தம்பி இருந்தான். உங்களுக்கு அது கதவுக்குப் பின்னாடி யாரோ மெதுவா பேசற வீடு. தம்பிக்கு மட்டும்தான் அது வெறும் வீடு, அவர் மட்டும்தான் அங்க பயமில்லாம தூங்கியிருக்காரு, அத அவருக்கு குடுத்தது மத்த நாலு பேரும் சேர்ந்து. இதுல உங்க அண்ணனோட பங்கு சின்னது இல்ல. காசு கணக்கு பேசறவங்க எல்லாரும் காசுக்காக மட்டும் பேசறதில்ல, முப்பத்தொன்பது வருஷம் சுமந்ததுக்கு யாராவது ஏதாவது குடுக்க மாட்டாங்களான்னு உள்ள ஒரு குரல் இருக்கும், அது வெளிய வர்றப்ப லட்சமா வருது. அதனால அவர்கிட்ட "இத்தன வருஷம் தனியா வெச்சிருந்தியே அண்ணா"ன்னு ஒரு வார்த்த முதல்ல சொல்லுங்க. இது வரைக்கும் அவர்கிட்ட யாரும் அத சொல்லியிருக்க மாட்டாங்க, அம்மா உட்பட. அம்மா போயாச்சு, அந்த சத்தியத்த வாங்கினவங்களே இல்ல, இனிமே அவர் அத எறக்கி வெக்கலாம்னு யாராவது அவருக்கு சொல்லணும்.

தம்பிகிட்ட எப்படி சொல்றது. தலைத் தெவசம் வருது, எல்லாரும் கூடுவோம், அன்னைக்கே சொல்லிடலாமான்னு கேட்டிருக்கீங்க. தயவு செஞ்சு வேணாம். அன்னைக்கு அவர் பிண்டம் வெக்கணும், சொந்தக்காரங்க எல முன்னாடி உக்காந்திருப்பாங்க, அந்த நாள் அவருக்கும் அம்மாவுக்கும் உள்ளது. வேற ஒரு சாதாரண நாள் பாருங்க, ஞாயித்துக்கிழம காலைல, அந்த வீட்டுலயே, சாமான் எல்லாம் ஒழிச்சு முடிக்கிறதுக்கு முன்னாடி. வாட்ஸ்அப் குரூப்ல டைப் பண்றது, ஃபோன்ல அழுதுக்கிட்டே சொல்றது ரெண்டும் கூடாது. முடிஞ்சா அண்ணனும் கூட இருக்கணும், பேச வேண்டியது நீங்க. தம்பி சம்சாரம் இருக்கணுமா வேணாமான்னு அவர்கிட்டயே கேளுங்க, உங்கிட்ட முக்கியமான விஷயம் ஒண்ணு பேசணும், உன்ன பத்தினது, அவளும் இருக்கணுமான்னு. அவர் சொல்றபடி செய்ங்க.

நேரா விஷயத்துக்கு வாங்க. சுத்தி வளச்சா ஒவ்வொரு நிமிஷமும் அவருக்கு பயம் ஏறும், யாருக்கோ கேன்சர்னு நெனச்சுப்பாரு. "டேய், ட்ரங்க் பெட்டில சித்தியோட லெட்டர் கெடச்சுது. உன்ன பெத்தது சித்தி. அம்மா உன்ன பொறந்த அன்னைலேந்து வளத்தாங்க. அண்ணனுக்கு முன்னாடியே தெரியும், எனக்கு இப்பத்தான் தெரிஞ்சுது, தெரிஞ்சதும் உங்கிட்ட சொல்லணும்னு வந்தேன்." இவ்ளோதான். இதுக்கு மேல ஒரு வார்த்த சேக்காதீங்க, அவர் பேசற வரைக்கும் நீங்க பேசாதீங்க, எவ்ளோ நேரம் ஆனாலும்.

நாங்க உன்ன வேறயா பாத்ததே இல்லன்னு எடுத்த எடுப்புல சொல்லாதீங்க. நீங்க அன்பாத்தான் சொல்வீங்க, ஆனா அவர் காதுல, வேறயா பாக்க ஒரு காரணம் இருந்துச்சு, பெரிய மனசு பண்ணி பாக்கலன்னு விழும். அம்மா எவ்ளோ தியாகம் பண்ணினாங்கன்னும் இப்ப வேணாம், அது உண்மையா இருந்தாலும் அந்த நிமிஷத்துல அவர் நன்றி சொல்ற நெலமையில இருக்கமாட்டாரு. முக்கியமா, பங்கு பத்தி அன்னைக்கு ஒரு வார்த்த கூட பேசக்கூடாது, அவர் கேட்டா மட்டும், மூணு பங்குதாண்டா, அதுல ஒண்ணும் மாறலன்னு சொல்லிட்டு விட்டுடுங்க. சொத்தும் பொறப்பும் ஒரே நாள்ல பேசப்பட்டா சாகற வரைக்கும் அவர் மனசுல ரெண்டும் ஒட்டிக்கிட்டே கெடக்கும்.

என்ன ஆகும்னு சொல்ல முடியாது. சில பேர் சிரிப்பாங்க, சில பேர் எழுந்து வண்டிய எடுத்துக்கிட்டு போயிடுவாங்க, எனக்கு எப்பவோ தெரியும்க்கான்னு சொல்றவங்களும் உண்டு, உள்ளுக்குள்ள ஏதோ ஒண்ணு இடிச்சுக்கிட்டே இருந்திருக்கும். கோவம் வந்தா அது உங்க மேலயும் அண்ணன் மேலயும்தான் வரும், ஏன்னா அம்மா மேல கோவப்பட அம்மா இல்ல. வாங்கிக்கோங்க, பதில் பேசாதீங்க. அப்பா யாருன்னு கேப்பாரு, உங்களுக்கு தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க, அண்ணன் கேள்விப்பட்ட அரகொற பேச்ச எல்லாம் எடுத்து விடாதீங்க, அதுக்கு பதில் சொல்ல உரிம உள்ளவங்க சித்தி ஒருத்தர்தான். ரெண்டு வாரம் மூணு வாரம் அவர் ஃபோன் எடுக்காம இருக்கலாம், அப்ப அவர் சம்சாரத்துக்கிட்ட மட்டும் சாப்பிட்டானா தூங்கினானான்னு கேட்டுக்கோங்க. தூக்கமே இல்லாம, வேலைக்குப் போகாம இருந்தாருன்னா டாக்டர பாக்க வெய்ங்க. அந்த லெட்டர் கட்ட அன்னைக்கே அவர் கையில குடுத்துடுங்க. நீங்க ஃபோட்டோ எடுத்து வெச்சுக்கறது, அண்ணன்கிட்ட ஒரு காப்பி இருக்கட்டும்ங்கிறது எதுவும் வேணாம், அந்தப் பெட்டில இருந்ததுலயே அது ஒண்ணுதான் முழுசா அவரோடது.

வீடு வாங்கறவர்கிட்ட ரெண்டு மாசம் தவணை கேளுங்க, அம்மாவுக்கு வருஷம் திரும்பட்டும்னு சொன்னா நம்ம ஊர்ல யாரும் மறுக்கமாட்டாங்க, அக்ரிமெண்ட்ல புது தேதிய மட்டும் எழுத்துல வாங்கிக்கோங்க. அதுக்குள்ள தம்பி அந்த வீட்ட விக்க வேணாம், நானே வெச்சுக்கறேன்னு சொன்னாலும் சொல்லலாம், இல்ல இனிமே இங்க காலெடுத்து வெக்கமாட்டேன்னும் சொல்லலாம். அப்ப பேசிக்கலாம் அத.

முதல்ல செய்ய வேண்டியத கடைசில எழுதறேன், ஏன்னா இதுதான் எனக்கு ரொம்ப யோசனையா இருந்துச்சு. சித்தி. அவங்களுக்கு இப்ப 60, கல்யாணமாகி ஒரு பொண்ணு, பேரன், வீட்டுக்காரருக்கு விஷயம் தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க. அப்ப சித்தி இருந்த நெலமைய கொஞ்சம் நெனச்சுப் பாருங்க. 21 வயசு, கல்யாணம் ஆகல, டெல்டாவுல ஒரு கிராமம். 1971ல வந்த கருக்கலைப்பு சட்டத்துல கருத்தடை தவறிப்போன காரணத்த கல்யாணமான பொண்ணுங்களுக்குத்தான் எழுதியிருந்தாங்க, கல்யாணம் ஆகாதவங்களையும் சேத்து அத மாத்தினது 2021லதான். தொட்டில் குழந்தை திட்டம் சேலத்துல ஆரம்பிச்சதே 1992ல. அந்த நேரத்துல அந்த மாதிரி பொண்ணுங்களுக்கு கெணறும் அரளி விதையும்தான் வழின்னு ஊரே நெனச்ச காலம். உங்க அம்மா அத நடக்க விடல. தங்கச்சி உயிரையும் காப்பாத்தி, பிள்ளையையும் மடில போட்டுக்கிட்டு, ஊர் கேட்ட கேள்விக்கெல்லாம் முகத்த நிமித்தி பதில் சொல்லியிருக்காங்க. பொய்தான் சொன்னாங்க, அந்த பொய்யால ரெண்டு பேர் உயிரோட இருக்காங்க.

அதனால சித்திக்கு தெரியாம தம்பிகிட்ட போகாதீங்க. தத்தெடுப்ப கவனிக்கிற மத்திய அரசு அமைப்பான காரா மூலமா சட்டப்படி தத்து போன பிள்ளைங்க 18 வயசு முடிஞ்சா தன்னோட வேர தேடிக் கேக்கறதுக்கு விதிமுறைல வழி வெச்சிருக்காங்க, அதே விதிமுறைலயே, ஒப்படைச்ச அப்பவே தன்ன யாருன்னு சொல்லக் கூடாதுன்னு கேட்டுக்கிட்ட தாய்கிட்ட சம்மதம் கேக்கணும்னும் இருக்கு. ரெண்டு பேருக்கும் உரிம இருக்குன்னு நெனச்சுத்தான் எழுதியிருக்காங்க. உங்க சித்தி வேணவே வேணாம்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னா, அப்பவும் தம்பிகிட்ட சொல்லணும்னுதான் நான் சொல்வேன், ஊருக்கே தெரிஞ்சத அவருக்கு மட்டும் மறைக்கிற உரிம சித்திக்கும் கிடையாது. ஆனா சித்தியோட வீட்டுக்காரர், பொண்ணு, சம்பந்தி வீடு இதெல்லாம் சித்தியோட வாழ்க்க, அந்தக் கதவ தொறக்கறதும் மூடறதும் அவங்க இஷ்டம். தம்பிகிட்டயும் அத தெளிவா சொல்லணும், உனக்கு தெரியணும், ஆனா அங்க போய் நிக்கறதுக்கு முன்னாடி அவங்கள கேட்டுக்கணும்டான்னு. அவர் கேட்டுப்பாரு. ஆறு வருஷம் படுக்கைல இருந்த அம்மாவுக்கு எல்லாம் செஞ்ச பிள்ளை.

கோயம்புத்தூருக்கு நீங்க தனியா போங்க. அண்ணன், உங்க வீட்டுக்காரர் யாரும் கூட வேணாம். அக்கா போனப்புறம் அக்கா பொண்ணு வந்து ரெண்டு நாள் தங்கறா, யாரும் எதுவும் நெனக்கமாட்டாங்க. அவங்க தனியா இருக்கிற நேரம் பாத்து, அம்மா பொட்டிய தொறந்தேன் சித்தின்னு மட்டும் சொல்லுங்க, மீதிய அவங்களே புரிஞ்சுப்பாங்க.

வெறுங்கையோட போகாதீங்க. பிள்ளை தவழுறானான்னு அவங்க கேட்டதுக்கு உங்க அம்மா என்ன பதில் எழுதினாங்கன்னு நமக்கு தெரியாது. வீட்டுல பழைய ஆல்பம் இருக்கும்ல, முற்றத்துல தவழறது, முதல் மொட்ட, ஸ்கூல் ஆண்டு விழால வேஷம் போட்டது, தூண்ல கோடு போட்டு மூணு பேர் உயரமும் அளந்த எடத்துல நின்னு எடுத்தது, எல்லாத்தையும் எடுத்துட்டு போங்க, ஒவ்வொண்ணா காட்டுங்க, எந்த வருஷம், என்ன வயசுன்னு சொல்லிக்கிட்டே காட்டுங்க. அவங்க எந்த ஃபோட்டோவுல நிறுத்தறாங்களோ அங்க நீங்களும் நிறுத்துங்க.